ஆறாம் கதவு

படப்பை
19.8.91

ஒளிமதி டி.வி. கேம்ஸ் கம்பெனி ஐயா அவர்களுக்கு,

படப்பையிலிருந்து பாப்பம்மாள் எழுதிக்கொண்டது. உங்கள் ‘ஏழு கதவு மாளிகை’ கேசட் பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. வழி தெரியாமல் நின்றால் இந்த விலாசத்துக்கு எழுதவும் என்று அதில் போட்டிருந்தது. நாங்கள் மூன்றாவது கதவில் நிற்கிறோம். பதினேழு நாளாக நிற்கிறோம்.

நாங்கள் என்று எழுதிவிட்டேன். ஆடுவது என் வீட்டுக்காரர் தணிகாசலம். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறவள்.

அவர் ஒரகடம் ரோட்டில் தகடு வெட்டுகிற ஒரு பிரஸ் ஷாப்பில் பதினோரு வருடம் ஆபரேட்டராக இருந்தார். மாசி மாதம் பிரஸ் இறங்கி வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். ஆறின பிறகும் வாசலைத் தாண்டுவதில்லை. சோறு கூட சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் தின்பார். என் தம்பி பாவம் பார்த்து மெட்ராஸிலிருந்து உங்கள் பெட்டியை வாங்கி வந்தான். அன்று முதல் அதுதான் கதி.

அவர் வேலை பார்த்த கம்பெனியில் நல்லவர்கள். கேட்டில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற வேலை தருகிறோம், நவம்பர் கடைசிக்குள் வந்து சேரச் சொல் என்று ஆள் அனுப்பினார்கள். இவரைக் கேட்டால், “இந்த ஏழு கதவ முடிச்சுட்டு மறுநாளே போறேன், போ” என்கிறார். சாமி படத்துக்கு முன்னால் வைத்து இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டேன். சொன்ன சொல் மாறுகிற ஆள் இல்லை.

ஆகையால் ஐயா, எனக்கு ஏழு கதவும் திறக்க வேண்டும். மூன்றாவது அறையில் மூன்று விளக்கு இருக்கிறது. எதை முதலில் ஏற்றினாலும் அடுத்ததில் ஆள் செத்துவிடுகிறான். இங்கே தினம் இரண்டு வேளை கரண்ட் போகிறது. போனால் மறுபடி முதல் கதவிலிருந்து வர வேண்டும். தயவு செய்து வழி எழுதவும்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. கவரில் என் பெயரைப் போடவும்.

இப்படிக்கு,
த. பாப்பம்மாள்


மறைமலை நகர்
26.8.91

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இந்தக் கம்பெனிக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. இதுவரை வந்தவை எல்லாம் கேசட் ஓடவில்லை, மாற்றித் தரவும் என்ற கடிதங்கள். வழி கேட்டு வந்தது தங்களுடையதுதான் முதல்.

மூன்றாம் அறையில் முதலில் சிவப்பு விளக்கையும், அடுத்துப் பச்சையையும், கடைசியாக நீலத்தையும் ஏற்ற வேண்டும். கதவு திறந்துகொள்ளும்.

தங்கள் கணவர் விரைவில் முடிக்க வாழ்த்துகள்.

இப்படிக்கு,
கோ. அம்சவல்லி


படப்பை
2.9.91

அம்சவல்லி மேடம் அவர்களுக்கு,

ஐயா என்று எழுதினதற்கு மன்னிக்கவும். பெண்பிள்ளை என்று தெரியாது.

சிவப்பு, பச்சை, நீலம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது கறுப்பு வெள்ளை டி.வி. மூன்று விளக்கும் சாம்பல் நிறம்தான். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு டி.வி.யில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். அவர் பின்னால் நின்று, “இன்னாமே, உள்ள பூந்துடப் போறியா” என்று கேட்டார். மாசிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லலாம்.

படப்பையில் கலர் டி.வி. வைத்திருப்பவர்களை எண்ணிவிடலாம். அவர்கள் வீட்டில் இந்த விளையாட்டு ஆடுகிறார்களா என்று தெரியாது. எங்களைப் போன்றவர்களுக்குத்தானே விற்கிறீர்கள். சிவப்பு இடது பக்கமா வலது பக்கமா என்று எழுதவும்.

த. பாப்பம்மாள்


மறைமலை நகர்
9.9.91

அன்புள்ள அம்மையாருக்கு,

தங்கள் கடிதத்தைப் படித்தேன். எங்கள் சோதனை அறையில் இருப்பது கலர் டி.வி. இது ஒருவருக்குமே தோன்றவில்லை. எங்கள் வீட்டிலும் கறுப்பு வெள்ளைதான். எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

சிவப்பு வலது ஓரம். பச்சை நடுவில் இல்லை, இடது ஓரம். நீலம் நடுவில். ஆகவே வலது, இடது, நடு.

திரும்பவும் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக அடுத்த இரண்டையும் எழுதுகிறேன். நான்காம் அறையில் தராசின் மேல் மீனை வைக்க வேண்டும். ஏன் மீன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. ஐந்தாம் அறையில் காவல்காரன் வருவான். அவனிடம் எதுவும் செய்யக் கூடாது. பொத்தானைத் தொடாமல் ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் அவனே போய்விடுவான். இது சொல்லாமல் யாருக்கும் தெரியாது. சொன்னாலும் கோபம்தான் வரும். மாளிகை என்று பெயர் வைத்துவிட்டு, அதே சுவரையே அறைக்கு அறை காட்டுகிறார்கள். ஆளும் நத்தை மாதிரி நடக்கிறான். கம்பெனியில் இருந்துகொண்டு இதை நான் எழுதக் கூடாது.

தங்கள் பெட்டியில் இருந்த சீட்டின் அடியில் ‘கடைசி வரை ஆடிச் சோதித்தவர்: கோ. அம்சவல்லி, பி.எஸ்சி.’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். அது நான்தான். எங்கள் குடும்பத்தில் அச்சில் வந்த முதல் பெயர் அது. அப்பா ஒரு சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்த இடத்தில் என் பெயர் இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

அன்புடன்,
அம்சவல்லி


படப்பை
7.10.91

அம்மா அம்சவல்லி,

நல்ல சேதி. ஆறாவது கதவுக்கு வந்துவிட்டோம்.

நீ எழுதினதை ஒவ்வொன்றாக, தானாகத் தோன்றியது போல அவர் காதில் போட்டேன். “தராசு மேல மீன வெச்சுப் பாரேன்யா” என்றேன். “எட்டாங்கிளாஸ் ஃபெயிலு நீ, உனக்கு எப்டிமே தோணிச்சு” என்று ஒரு பார்வை பார்த்தார். மீன் வாங்குகிறவளுக்குத் தராசு தெரியாதா என்று சொல்லிவிட்டேன். காவல்காரனைப் பார்த்து, “இவனும் எங்க கம்பெனி செக்யூரிட்டி மாதிரியே கீறான், எத்தினி தபா போனாலும் ஒரே டயலாக்” என்றார். அந்த ஐந்து நிமிடத்தில் நான் காபி போட்டு எடுத்து வந்தேன்.

பொத்தானை அவர் வலது கட்டைவிரலால்தான் அழுத்துகிறார். அந்தக் கையை லுங்கிக்குள்ளிருந்து வெளியே எடுப்பது அதற்கு மட்டும்தான். எடுக்கிறாரே.

நேற்று முகச்சவரம் செய்துகொண்டார். நான் கேட்காமலே, “இன்னும் ரெண்டு கதவுதான்” என்றார். பெட்டியிலிருந்து கம்பெனிச் சட்டையை எடுத்துத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.

ஆறாவது அறையில் ஒன்றுமே இல்லை. விளக்கு இல்லை, சாமான் இல்லை, ஆள் இல்லை. ஒரு கதவு மட்டும். என்ன செய்ய வேண்டும், சீக்கிரம் எழுது. உன்னை நீ என்று எழுதுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

பாப்பம்மாள்


மறைமலை நகர்
15.10.91

மதிப்புக்குரிய அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் 7.10.91 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. ஆறாம் கதவு இந்த விளையாட்டின் மிகக் கடினமான பகுதியாகும். முந்தைய அறைகளில் கிடைத்த எல்லாப் பொருள்களையும் பயன்படுத்திப் பொறுமையாகத் தொடர்ந்து முயற்சி செய்யவும்.

தங்கள் ஆதரவுக்கு நன்றி.

இங்ஙனம்,
கோ. அம்சவல்லி
ஒளிமதி டி.வி. கேம்ஸ் கம்பெனிக்காக


படப்பை
8.11.91

அம்சவல்லிக்கு,

நீ சொன்னபடி எல்லாப் பொருளையும் பயன்படுத்தினோம். சாவி, மீன், கயிறு, கண்ணாடி, அந்த உடைந்த மணி. எதை எதற்கு அடுத்து வைப்பது என்று நான் ஒரு நோட்டில் எழுதி, ஆன வரிசைக்கெல்லாம் கோடு போட்டு வந்தேன். நோட்டு தீர்ந்துவிட்டது. ஐந்து நிமிடம் சும்மா இருந்தோம். ஒரு மணி நேரம் சும்மா இருந்தோம்.

தீபாவளிக்கு அவர் வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பலகாரத்தோடு வந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். டி.வி. சத்தம் மட்டும் வந்தது.

அவர் கம்பெனி டைம் ஆபீசிலிருந்து மறுபடி ஆள் வந்தான். நவம்பர் கடைசி வரை காக்க முடியாது, பதினைந்தாம் தேதிக்குள் வரச் சொல், வேறு இரண்டு பேர் கேட்கிறார்கள் என்றான். இவரிடம் சொன்னேன். “தொறக்கட்டும், போறேன்” என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உன் போன கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அதை எழுதினது நீ இல்லை என்று தோன்றுகிறது. கையெழுத்து மட்டும்தான் உன்னுடையது. என்ன ஆச்சு உனக்கு? கோபமாக இருந்தால் அதையாவது எழுது. ஆறாவது கதவு எப்படித் திறக்கும் என்று ஒரு கார்டில் ஒரு வரி எழுதினால் போதும்.

பாப்பம்மாள்


படப்பை
18.11.91

கடைசி வரை ஆடிச் சோதித்தவருக்கு,

பதில் வரவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை நானே வந்தேன். தாம்பரம் போய் பஸ் மாறி, பத்தரை மணிக்கு உங்கள் கேட்டில் நின்றேன். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து எந்தக் கம்பெனியிலும் முகம் தெரியாதவர்களை உள்ளே விடுவதில்லை என்று எனக்கும் தெரியும். அம்சவல்லியைப் பார்க்க வேண்டும், படப்பை பாப்பம்மாள் என்றால் தெரியும் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே போனவன் திரும்பி வந்து, “அந்தம்மா லீவும்மா” என்றான்.

மாடியில் இரண்டாவது ஜன்னலில் நீலப் புடவை கட்டி ஒரு பெண் நின்றது. நான் நிமிர்ந்து பார்த்ததும் உள்ளே போய்விட்டது. அது யார் என்று நான் கேட்கவில்லை.

பதினைந்தாம் தேதியும் அதே வெள்ளிக்கிழமைதான். கேட் வேலையை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்? தெரியாது என்றால் தெரியாது என்று எழுதக் கூடாதா?

த. பாப்பம்மாள்


சிங்கப்பெருமாள் கோயில்
21.11.91

பாப்பம்மாள் அக்காவுக்கு,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். கம்பெனிக் காகிதம் இல்லை.

ஜன்னலில் நின்றது நான்தான். லீவு என்று சொல்லச் சொன்னதும் நான்தான். கையில் மஞ்சள் பையோடு எதிரில் இருக்கும் பாதாம் மரத்தடியில் ஒன்றரை மணி நேரம் நின்றீர்கள். ஒரு தடவை செருப்பைக் கழற்றிக் கல்லை உதறினீர்கள். பஸ் ஏறிப் போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஆறாம் கதவு திறக்காது அக்கா. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஏழாம் கதவு என்று ஒன்றே இல்லை.

எனக்குக் கொடுத்த வழித்தாளில் ஐந்து கதவு வரைதான் இருந்தது. தாள் கிழிந்துவிட்டது என்று நினைத்தேன். உங்கள் அக்டோபர் கடிதம் வந்த பிறகு நான்கு நாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து நானே ஆறாம் கதவு வரை போனேன். ஒன்றும் பிடிபடாமல் லைனில் கேசட்டுக்குள் சிப் வைக்கும் சின்னப்பையன் என்ற அண்ணனைக் கேட்டேன். “முழு கேமும் போடணும்னா பெரிய சிப்பு வேணும். மொதலாளி சின்னதுல எவ்ளோ புடிக்குமோ அவ்ளோ போடச் சொன்னாரு. மூணாவது கதவையே எவனும் தாண்ட மாட்டான்னாரு” என்றார். மூன்றாம் கதவை உங்களைத் தாண்ட வைத்தது நான்.

சூப்பர்வைசரிடம் போய் என்ன பதில் எழுதுவது என்று கேட்டேன். “பொறுமையா முயற்சி பண்ணுங்கன்னு எழுதும்மா. அதுல பொய் இன்னா கீது?” என்றார். டிசம்பரில் என்னைப் பர்மனென்ட் செய்யப்போவதையும் அதே மூச்சில் நினைவுபடுத்தினார். நான் எழுதினேன்.

அந்தச் சீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு கேசட்டுக்கு எங்களுக்கு இரண்டு நிமிடம். படம் வருகிறதா, சத்தம் வருகிறதா, பொத்தான் வேலை செய்கிறதா, அவ்வளவுதான் பார்ப்போம். சேர்ந்த முதல் நாள், டிகிரி படித்தவர் கையெழுத்து இருந்தால் கடைக்காரர்கள் நம்புவார்கள் என்று சொல்லி அந்த வாசகத்தின் கீழே கையெழுத்து வாங்கினார்கள். கடைசி வரை ஆடினேனா என்று நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கதவை நம்பி உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிந்தே ஐந்து வாரம் சும்மா இருந்தேன். அந்த ஐந்து வாரத்தில்தான் கேட் வேலை போனது. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம். யாரிடம் காட்டினாலும் சரி.

அம்சவல்லி


படப்பை
2.12.91

அம்சவல்லிக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கி ஏரியில் போட்டிருப்பேன். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு யோசித்தேன். உனக்கு எழுதி, ‘கதவு தானாகவே திறந்ததாகக் கணக்கு, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்’ என்று கம்பெனி முத்திரையோடு அவர் பெயருக்கு ஒரு கடிதம் கேட்கலாமா என்று தோன்றியது. வாசகம் கூட மனதில் கட்டிவிட்டேன். நீயும் முத்திரை போட்டுத் தந்திருப்பாய். பிறகு, ஒரு பொய்யில் நான் பட்டதே போதும், இன்னொன்றை வீட்டுக்குள் விட மாட்டேன் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தை முதலிலிருந்து படித்தேன். அவர் டி.வி.யை அணைக்கவில்லை. நான் படித்து முடித்ததும், “தெரியும்” என்றார்.

என்ன தெரியும் என்றேன்.

“தொறக்காதுன்னு தெரியும். ரெண்டாவது தபா போனப்பவே தெரிஞ்சிச்சு. பதினோரு வருசம் பீஸ் அடிச்சவன்மே நான். பாதி வெட்டுல நின்ன பீஸு எப்டி கீதுன்னு எனக்குத் தெரியாதா?”

“அப்பறம் இன்னாத்துக்குய்யா அது முன்னாடியே குந்திகினு இருந்த?”

பொத்தான் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். “தொறந்துட்டா வேலைக்குப் போவணுமே.”

நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்ததை அவர் தினமும் பார்த்தார் அம்சவல்லி. நீ தெரிந்தும் சொல்லவில்லை, அவரும் தெரிந்தும் சொல்லவில்லை. நடுவில் நான் மீனையும் மணியையும் மாற்றி மாற்றி வைத்தேன். அன்று நான் அழுத அழுகை மாசியில் கூட அழவில்லை. அவர் எழுந்து போய் டி.வி.யை அணைத்தார். வலது கையால்தான் அணைத்தார்.

டோக்கன் கொடுத்தால் முந்நூறு பேர் அந்தக் கையைப் பார்ப்பார்கள், அதுதான் என்றார். இதை மாசியிலேயே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். கதவு கதவு என்று நானும்தான் ஓடினேன்.

நீ அக்டோபரில் உண்மையை எழுதியிருந்தால் இதே பேச்சு அக்டோபரில் நடந்திருக்கும். கேட்டில் நாற்காலி இருந்திருக்கும். அதை நான் மறக்கப்போவதில்லை. உன்னிடம் மறந்துவிட்டேன் என்று எழுதவும் மாட்டேன்.

நாளை அவரோடு டைம் ஆபீசுக்குப் போகிறேன்.

பாப்பம்மாள்


சிங்கப்பெருமாள் கோயில்
9.12.91

அக்காவுக்கு,

மறக்க வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன்.

அடுத்த லாட் கேசட்டுக்கான சீட்டு கையெழுத்துக்கு வந்தது. ‘கடைசி வரை’ என்பதை எடுத்துவிட்டு ‘இரண்டு நிமிடம்’ என்று போட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். சூப்பர்வைசர் முதலில் நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் வேடிக்கை பேசி அவர் கேட்டதே இல்லை. இப்போது பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன். பர்மனென்ட் பற்றி யாரும் பேசவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டும்.

தணிகாசலம் அண்ணன் போனாரா? அது மட்டும் எழுதுங்கள்.

அம்சவல்லி


படப்பை
23.12.91

அம்சவல்லிக்கு,

போனார்.

கேட் வேலை இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அரை நாள் உட்கார வைத்து, ஸ்கிராப் யார்டில் துண்டுத் தகடு எடை போட ஆள் வேண்டும், இஷ்டம் இருந்தால் வா என்றார்கள். அது பிரஸ் ஹாலுக்கு நேர் பின்னால் இருக்கிறது. நாள் முழுக்க பிரஸ் இறங்குகிற சத்தம் கேட்கும். கேட்டில் இருந்தால் கேட்காது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “எப்ப வரணும் சார்” என்று அவர் கேட்டார்.

முதல் நாள் வந்ததும் கால் கழுவப் போனார். டிபன் பாக்ஸைத் திறந்தால் நான் கட்டிக் கொடுத்த சோறு அப்படியே இருந்தது. அங்கே எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். இவர் சுவர் தேடியிருப்பார், கிடைத்திருக்காது. இரண்டாம் நாளும் அப்படியே வந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. சோறு வீணாவதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைப் பார்த்திருந்தால் உனக்குத் தெரியும்.

உன் அப்பாவிடம் சொல்லிவிட்டாயா? சொல்லியிருப்பாய். திட்டினால் திட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. வந்தால் ஜன்னலில் நிற்காமல் உள்ளே வா.

நான்காம் நாள் டிபன் பாக்ஸ் காலியாக வந்தது. தின்றாரா, நாய்க்குப் போட்டாரா, தெரியாது. நான் கேட்கவில்லை, கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் ஒரு பிடி சோறு கூடுதலாக வைத்து அமுக்கி மூடினேன். அதுவும் காலியாகத்தான் வந்தது.

பாப்பம்மாள்